பூமியை விட்டு ஓடுவதா, பூமியை மீட்பதா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடியும் நேரத்தில் ஓர் இளந்தோழர் எழுந்து நின்று கேட்டார்: "பூமி இனித் தாங்காது, மனித குலம் பிழைக்க வேண்டுமானால் செவ்வாய் கிரகத்திலே போய்க் குடியேறத்தான் வேண்டும் என்று கோடீஸ்வரர்கள் சொல்கிறார்களே, அது மெய்தானா?" சிலர் சிரித்துவிட்டார்கள். பஞ்சப்படியையும் அறுவடைக் கூலியையும் பேச வந்த இடத்தில் செவ்வாய் கிரகம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

ஆனால் இது சிரித்துத் தள்ளுகிற கேள்வி அல்ல. வீடு இடியத்தான் போகிறது என்று ஒருவன் நம்பிவிட்டால் அவன் கூரை மாற்றுவானா? சுவருக்கு மண் அப்புவானா? மாட்டான். அதைப் போலவே, பூமி முடிந்துபோன கதை என்று உழைக்கும் மக்கள் நம்பிவிட்டால், ஆற்றிலே சாயக்கழிவைக் கலப்பவனோடு மல்லுக்கு நிற்க யார் வருவார்கள்? ஆகவேதான் அந்தத் தோழரின் கேள்வியை இன்று முழுதாக எடுத்துக்கொள்கிறோம்.

நாம் விண்வெளிக்கு விரோதிகளா?

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். விண்வெளி விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. அந்தப் பாதையை வெட்டியவர்களில் பலர் நம் வர்க்கத்தின் பிள்ளைகள். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிற்று. 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடப் பிரயாணத்தில் பூமியைச் சுற்றித் திரும்பிய யூரி ககாரின், கூட்டுப்பண்ணைத் தச்சர் ஒருவரின் மகன். இளமையில் வார்ப்படத் தொழில் கற்றவர். 1963 ஜூனில் ஏறத்தாழ மூன்று நாள் விண்வெளியில் இருந்து பூமியை 48 முறை சுற்றிய வாலண்டினா தெரஷ்கோவா யார்? யாரோஸ்லாவல் நகரத்து ஜவுளி ஆலையிலே வேலை செய்த பெண்!

விண்வெளி விஞ்ஞானத்தின் பலனை ஏழை மக்களும் கண்டிருக்கிறார்கள். 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் அதே கடற்கரையை ஃபைலின் புயல் தாக்கியபோது, துணைக்கோள் படங்களைக் கொண்டு முன்கூட்டியே எச்சரித்து, சுமார் 10 லட்சம் மக்களை அப்புறப்படுத்தினார்கள். சாவு ஆயிரக்கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்குக் குறைந்தது. ஆகவே ராக்கெட் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல நம் முன்னுள்ள கேள்வி. ராக்கெட் எதற்கு, யாருக்கு என்பதே கேள்வி.

அவர்கள் சொல்லும் காரணம்

குடியேற்றம் வேண்டும் என்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், நூறு ஆண்டுக்குள் மனிதன் வேறிடம் தேடிக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் எச்சரித்தார். 2002-இல் ராக்கெட் கம்பெனி தொடங்கிய எலான் மஸ்க், செவ்வாயில் 10 லட்சம் பேர் வாழும் நகரத்தை அமைப்பதே தமது குறிக்கோள் என்கிறார். விண்கல் வந்து மோதலாம், அணுகுண்டுப் போர் மூளலாம், பூமி சூடேறிக்கொண்டே போகலாம். ஆகவே மனித வித்து இன்னோர் இடத்திலும் இருக்கட்டும் என்பதே இவர்கள் வாதம்.

இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டுக் கரையிலே விழுந்தது. டைனோசர் கூட்டம் அழிந்தது. ஆனால் அந்தக் கொடிய நாளிலும் பூமியிலே காற்று இருந்தது, கடல் இருந்தது. எலி போன்ற சிறு பிராணிகள் பிழைத்துக்கொண்டன. அவற்றின் வழியிலே வந்தவர்கள்தான் நாம். அதாவது, விண்கல் விழுந்து நொறுங்கிய பூமிகூட, இன்றைய செவ்வாயைவிட வாழத் தகுந்த இடமாக இருந்தது!

சூரியனே ஒரு நாள் பூமியைப் பொசுக்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். அதற்கு இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டு இருக்கிறது. அதற்காக இன்றே மூட்டை கட்ட வேண்டியதில்லை.

செவ்வாயில் என்ன இருக்கிறது?

செவ்வாய் நமக்கு மிக அருகே வரும்போதே 5 கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கிறது. போய்ச் சேர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். புறப்படுவதற்கு ஏற்ற வேளை 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அங்கே சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. காற்றின் அழுத்தம் நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. பூமியைச் சுற்றியிருப்பது போன்ற காந்தக் கவசமும் அங்கே இல்லை. ஆகையால் கதிர்வீச்சு உடம்பைத் துளைக்கும். மனிதன் பெரும்பாலான நேரம் நிலத்தடியிலே வளை தோண்டிக்கொண்டுதான் கிடக்க வேண்டும்.

மண்ணைப் பற்றி விவசாயத் தோழர்கள் கேட்பீர்கள். களர் நிலத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தழை மிதித்து, இரண்டு மூன்று போகத்தில் அதையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவோம். செவ்வாய் மண்ணிலோ பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு கலந்திருக்கிறது என்று 2008-இல் அங்கே இறங்கிய பீனிக்ஸ் ஆய்வுக் கருவி கண்டுபிடித்தது. அந்த மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், நிலத்துக்குள் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைத் தோண்டி எடுத்து உருக்க வேண்டும்.

சுவாசிக்கிற காற்று? 2021 முதல் 2023 வரை அமெரிக்காவின் சிறு யந்திரம் ஒன்று, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் காட்டியது. மகத்தான சாதனைதான், மறுக்கவில்லை. பதினாறு முறை ஓடி மொத்தம் 122 கிராம் பிராணவாயு எடுத்தது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தனை உழைப்பும் ஓர் ஆளின் மூன்றரை மணி நேர மூச்சுக்குத்தான் காணும். ஆலையிலே அரை ஷிப்டுகூடத் தாங்காது!

கண்ணாடி வீட்டில் எட்டுப் பேர்

பூமியிலேயே ஒரு சிறு பூமியைக் கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. சைபீரியாவில் கிராஸ்நோயார்ஸ்க் நகரத்தில் சோவியத் விஞ்ஞானிகள் 'பயோஸ்-3' என்ற மூடிய கூடத்தை அமைத்தார்கள். 1972-73-இல் அதில் 180 நாள் பரிசோதனை நடந்தது. உள்ளே கோதுமையும் பாசியும் வளர்த்துக் காற்றைப் புதுப்பித்தார்கள். ஆனாலும் உணவில் ஒரு பகுதியும் மின்சாரமும் வெளியிலிருந்துதான் வந்தன.

பிறகு அமெரிக்காவில், அரிஸோனா பாலைவனத்தில், ஓர் எண்ணெய்க் கோடீஸ்வரரின் பணத்தில் சுமார் மூன்று ஏக்கர் பரப்பில் பெரும் கண்ணாடி வீடு ஒன்றை எழுப்பினார்கள். உள்ளே சிறு காடு, சிறு கடல், வயல், ஆடு, கோழி எல்லாம் வைத்து, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே விட்டு இரண்டு ஆண்டுக்குக் கதவை அடைத்தார்கள். நடந்தது என்ன? பயிர் போதாமல் அவர்கள் பசியிலே மெலிந்தார்கள். சுமார் 21 சதவீதம் இருந்த பிராணவாயு பதினாறே மாதத்தில் 14 சதவீதம் வரை இறங்கிற்று. வளமான மண்ணிலே இருந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அந்தக் கரியமில வாயுவைச் சிமெண்ட் சுவர் இழுத்துக்கொண்டது. கட்டியவர் எவரும் இதை எதிர்பார்க்கவில்லை. கடைசியில் வெளியிலிருந்து பிராணவாயுவை ஏற்றித்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள். வெளியே பூமி இருந்தது, ஏற்றினார்கள். செவ்வாயில் வெளியே என்ன இருக்கும்?

தோழர்களே, காட்டுக்கும் கடலுக்கும் புழுவுக்கும் நாம் சம்பளம் கொடுப்பதில்லை. கூலி கேட்காமல் அவை செய்யும் வேலையால்தான் நாம் மூச்சு விடுகிறோம். அந்த வேலையின் கணக்கை மனிதன் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

மூச்சுக்கும் ஒரு முதலாளி

விஞ்ஞானம் ஒரு நாள் இந்தத் தடைகளையும் தாண்டலாம். அப்போதுதான் நம் வர்க்கம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வருகிறது. அங்கே முதலாளி யார்?

பணமில்லாதவர்களும் செவ்வாய்க்குப் போகலாம், கடன் கிடைக்கும், அங்கே வேலை நிறைய இருக்கும் என்று 2020 ஜனவரியில் மஸ்க் தெரிவித்தார். இந்தப் பேச்சை நம் பாட்டன் பூட்டன் முன்பே கேட்டிருக்கிறார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் கடனாளியாகவே கரையிறங்கினார்கள். கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. தஞ்சையிலோ, குடிசை நின்ற மனை மிராசுதாருக்குச் சொந்தம். கூலி கேட்டால் மனையைக் காலி செய் என்பான். குடியிருப்பு மனையை உழைப்பாளிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. அதற்குப் பின்னே எத்தனை போராட்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மனை ஒருவனுக்குச் சொந்தமாக இருந்ததற்கே அந்தப் பாடு. காற்று ஒருவனுக்குச் சொந்தமானால்? வேலைநிறுத்தம் செய்தால் கதவடைப்புச் செய்ய வேண்டாம். குழாயைத் திருகினால் போதும்! தப்பி ஓடுவோமென்றால் அடுத்த ராக்கெட்டுக்கு 26 மாதம் காத்திருக்க வேண்டும்.

இது வீண் பயம் அல்ல. விண்வெளியும் கிரகங்களும் எந்த நாட்டுக்கும் உடைமையாகக் கூடாது என்று 1967-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் 2015-இல் அமெரிக்கா, அங்கே தோண்டி எடுக்கும் பொருள் எடுத்த கம்பெனிக்கே சொந்தம் என்று சட்டம் செய்துவிட்டது. 2021 ஜூலையில் அமேசான் அதிபர் ஜெஃப் பெஸோஸ் சொந்த ராக்கெட்டில் பத்து நிமிடம் மேலே போய் வந்தார். இறங்கியதும் தம் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி கூறினார். இதற்கெல்லாம் பணம் கொடுத்தது நீங்கள்தான் என்றார். நாம் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் உண்மையை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்!

பூமியைப் பழுதுபார்க்க முடியும்

அப்படியானால் விண்கல்லுக்கு என்ன வழி? வழி இருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க விஞ்ஞானிகள் டைமார்போஸ் என்ற சிறு விண்கல்லின்மீது ஒரு விண்கலத்தை மோதவிட்டார்கள். அது பெரிய விண்கல் ஒன்றைச் சுற்றிவரும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து சுமார் 33 நிமிடம் குறைந்தது. வரும் கல்லை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தள்ளிவிட மனிதனால் முடியும் என்பதற்கு அது முதல் சாட்சி. செலவு சுமார் 32 கோடி டாலர். 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டியது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் கோடி டாலர்! மனித குலத்தின் உயிருக்கு எமன் வானத்திலே இல்லை, இந்தக் கணக்கிலே இருக்கிறான்.

காற்றைச் சரிசெய்ய முடியுமா? முடியும். 1985-இல் தென் துருவத்தின்மேல் ஓசோன் படலம் மெலிந்திருப்பதைக் கண்டார்கள். 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. கேடு செய்த குளிர்சாதன வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அந்தப் படலம் இப்போது மெல்ல ஆறி வருகிறது.

நம் தரப்புத் தவறையும் மறைக்கக் கூடாது. பருத்திச் சாகுபடிக்காக 1960 முதல் ஆற்று நீரைத் திருப்பிவிட்டதால் சோவியத் மண்ணிலே ஆரல் கடல் வற்றிப்போயிற்று. திட்டம் மக்களுடையது என்பதற்காக இயற்கை தன் கணக்கைத் தள்ளுபடி செய்வதில்லை. ஆனால் கஜகஸ்தான் நாட்டில் 2005-இல் ஓர் அணை கட்டி முடித்ததும் வடக்குப் பகுதியிலே நீர் உயர்ந்தது, மீன் திரும்பியது, வலை திரும்பியது. கெட்டதை முழுதும் மீட்க முடியாவிட்டாலும் ஒரு பகுதியையாவது மீட்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்றைய பெரும் ஆபத்து வெப்பம். ஆலைகள் பெருகுமுன் காற்றிலே பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உஷ்ணத்தால் 2030-இல் உலகத்து வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வீணாகும், அது 8 கோடி முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-இல் கணக்கிட்டது. மிக அதிகமாக அடிபடப்போவது விவசாய வேலை. நடவு வயலில் குனிந்து நிற்கிறவருக்கும், காற்றோட்டமில்லாத நூற்புக் கூடத்தில் நிற்கிறவருக்கும் இது புள்ளிவிவரம் அல்ல. தலைசுற்றல், நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கோளாறு.

நம் பதில்

கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது நம் பதிலைச் சொல்கிறோம். பிழைப்பதற்காகப் பூமியை விட்டுப் போக வேண்டும் என்பது மெய்யல்ல. மனிதன் ஒரு நாள் வேறு கிரகங்களில் கால் ஊன்றலாம், ஊன்றட்டும், வாழ்த்துவோம். ஆனால் அது வீடு நன்றாக இருக்கும்போது வெளியூர் போய்வருகிற பிரயாணமாக இருக்க வேண்டும். வீட்டுக்குத் தீ வைத்தவன், உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டு ஓடுகிற ஓட்டமாக இருக்கக் கூடாது. கொள்ளையில்லாமல் ஒரு பூமியை நடத்தத் தெரியாதவர்கள் இன்னொரு கிரகத்துக்கு எடுத்துப் போவதும் அதே கொள்ளையைத்தான்.

ஆகவே வெயிற்கால வேலைநேர மாற்றம், வயலோரத்தில் நிழலும் குடிநீரும், ஆலையிலே காற்றோட்டம், ஆற்றிலே கழிவு கலக்கத் தடை ஆகியவற்றைக் கேட்கும்போது நாம் அற்பச் சலுகை கேட்கவில்லை. மனித குலம் பூமியிலே வாழ்வதற்கான வேலையைத்தான் செய்கிறோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் ஆலையிலும் தம் ஊரிலும் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து நம் கோரிக்கைகளைத் தொடங்குவோம்.