கறுப்பின் படிகள்

(ஆழ்வார்திருநகரியில் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கணம் நடத்தும் புலவனுக்கு மின் காட்சிப் பலகையில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வாயிலிலேயே மறித்துக் கேட்டார். வேலை இருக்கின்றது. சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

இவ்வூரினின்று மேற்கே பொருநையின் தென்கரையைப் பற்றிச் சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876இல் யாகோர் என்னும் செருமானியர் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அதன் பின் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் இரீ அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப் பட்டங்களும் செம்புக் கலவைப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. 2023இல் அகழ்களத்திலேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குழிகளைப் பார்க்கலாம். நல்லதே. ஆயினும் முன்னே போன பொருள்கள் போனவைதாம். பொருநைப் பிள்ளை தன் முன்னோன் வனைந்த கலத்தைக் காண வேண்டுமானால் இன்று அவனுக்கு வாய்த்த வழி, வகுப்பறைச் சுவரில் தொங்கும் காட்சிப் பலகை. பெர்லினில் இருப்பதை இங்கிருந்து காணும் கண் அது. அந்தக் கண் பழுதுபட்டிருந்தால் நாம் காண்பது எது?

பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பு-சிவப்பு மட்கலம் ஒன்றின் படத்தைப் பலகையில் காட்டி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுக்கும்; காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். (கறுப்பு, சிவப்பு என்னும் இவ்விரு சொற்களும் சினத்தைக் குறிக்கும் என்றும், நிறம் உணர்த்தற்கும் உரியன என்றும் தொல்காப்பியர் உரியியலில் வகுத்ததையும் இடையிலே சொன்னேன், தமிழாசிரியன் வாய் சும்மா இராது.) அப்போது முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, உள்ளே ஓட்டையா? அடியே இல்லையே!" என்றான். திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது முற்றும் உண்மை. கலத்தின் உட்புறம் முழுவதும் ஒரே கருங்குழி. தேய்த்து மெருகேற்றிய கோடுகளும் இல்லை. உட்குழிவின் வளைவும் இல்லை. அதே படத்தின் அச்சுப் படியில் அவை அத்தனையும் இருந்தன! கறுப்பின் படிகள் எங்கே போயின என்று அன்று தொடங்கிய தேடலே இவ்வுரை.

முதலில் நம் கண்ணைப் பற்றி ஒரு சொல். கண் ஒளியைக் கூட்டிப் பார்ப்பதன்று; மடங்கு பார்ப்பது. இருண்ட கூடத்தில் ஓர் அகல் எரிகின்றது. இரண்டாவது அகலை ஏற்றுங்கள், வேறுபாடு பளிச்சென்று தெரியும். கார்த்திகைப் பெருவிளக்கன்று நூறு அகல் எரியும் இடத்தில் இன்னும் ஒன்று ஏற்றினால் எவரும் அறியார். கூடிய ஒளி இரண்டிடத்தும் ஒன்றே. கண்ணுக்கு மட்டும் ஒன்றன்று. ஆகவே மங்கலான இடத்தில் மிகச் சிறிய வேறுபாட்டையும் கண் பிரித்தறியும். ஒளி மிக்க இடத்தில் பெரிய வேறுபாட்டையும் பொருட்படுத்தாது.

காட்சிப் பலகை செய்தோர் இவ்வியல்பை அறிந்தே படி வகுத்தனர். ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கூறுகள். ஒவ்வொரு கூற்றிற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்க 1,67,77,216 நிறங்கள். இவற்றுள் 128ஆம் படி பாதி ஒளி என்று நினைப்போம். அன்று! முழு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அது. 64ஆம் படியோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. எண்ணிப் பாருங்கள்: மொத்தப் படிகளில் காற்பங்கு, ஒளியின் அடித்தட்டில் உள்ள இருபதில் ஒரு பங்கிற்குள் நெருங்கி நிற்கின்றன. கறுப்புக் கலத்தின் உட்புறம் வாழ்வது அங்கேதான். கருங்கல் சிலையின் முகமும், நம்மவர் பலருடைய மேனியின் நிழற்பகுதியும் அங்கேதான். பலகை மலிவானால், அல்லது அமைப்பு தவறினால், முதலில் மடிவது அந்த அடித்தட்டு.

இனி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வகைகளைப் பார்ப்போம். நீர்மப் படிகப் பலகையில் பின்னாலுள்ள விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும். அதன் முன்னே இரு வடிதாள்கள். முதல் தாள் ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டாம் தாளைக் குறுக்காக வைத்திருப்பதால் அது அவ்வொளியை மறிக்கும். இடையே நீர்மப் படிகம் முறுக்கி நின்றால் ஒளியின் தளமும் அதனோடு திரும்பி இரண்டாம் தாளைக் கடக்கும். மின்னழுத்தம் தந்தால் முறுக்கு அவிழும், ஒளி நிற்கும். அழுத்தத்தின் அளவுக்கேற்ப முறுக்கு அவிழும் அளவும் மாறும். திருவைகுண்டம் அணையில் மதகைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குவது போலத்தான். மதகை முழுதும் அடைத்தாலும் கசிவு உண்டல்லவா? இங்கும் உண்டு. பரவலாக விற்கும் ஒருவகைப் பலகையில் முழு ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு எப்போதும் கசியும். ஆதலின் அதன் கறுப்பு கறுப்பன்று, சாம்பல்.

நீர்மப் படிகம் என்றவுடன் ஒரு பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனின் உடன்பிறந்தாள் மகனார் சி. சந்திரசேகர், 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் தம் குழுவினரோடு, வட்டுப் போன்ற மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்று கண்டு உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் கோல் போன்ற மூலக்கூறுகளே அவ்வாறாகும் என்று எண்ணியிருந்தனர். பிற்காலத்தில் அவ்வட்டு வகைப் பொருளை மென்படலமாக்கிப் பலகையின் மேல் ஒட்டியபோது, பக்கவாட்டிலிருந்து பார்ப்பார்க்கும் படிகள் தலைகீழாகாமல் தெரிந்தன. கடைசி வரிசை ஓரத்தில் அமரும் பிள்ளைக்கு அப்படலம் செய்த நன்மை பெரிது. கரும்பலகையில் இப்பெயரை எழுதிக் காட்டும் ஆசிரியர் எத்தனை பேர்?

மலிவுப் பலகைகளில் ஒரு சூழ்ச்சி உண்டு. அவற்றின் கூறுகள் 256 படி ஏறா. 64 படியே ஏறும். இடைப்பட்ட படி வேண்டுமானால் ஒரு படச்சட்டத்தில் கீழ்ப்படியையும் அடுத்ததில் மேற்படியையும் மாறி மாறிக் காட்டிக் கண்ணை ஏய்க்கும். ஈருபடிகளுக்கிடையே இவ்வாறு மூன்று பொய்ப்படிகள் கிடைக்க, மொத்தம் 253. இதை மும்முறை பெருக்கினால் 1,61,94,277. கடையில் தரும் தாளில் "1.67 கோடி நிறம்" என்றிருக்கின்றதா, "1.62 கோடி நிறம்" என்றிருக்கின்றதா என்று பாருங்கள். இரண்டாவதாயின் அது இந்த வகை. வணிகர் தாமே எழுதி வைத்திருப்பார், படிப்பார்தாம் இலர்.

பெருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் நிறுத்தும் ஒளிச்சுவர் வேறு வகை. எல்.இ.டி. என்று கடைத்தெருவில் வழங்கும் ஒளியுமிழிகள் அதில் பல்லாயிரம். இவை மங்கி எரிவதில்லை. எரியும், அல்லது அணையும், அவ்வளவே. எரியும் நேரத்தின் நீளமே நமக்கு ஒளிர்வாகத் தோன்றுகின்றது. தமிழ் படித்தவனுக்கு இது புதிதா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவுகோலாக்கி நீட்டத்தால் ஒலியைப் பிரித்த இனம் நாம். அங்கே ஒலி, இங்கே ஒளி. நொடிக்குப் பன்னூறு முறை எரிந்தணைவதால் கண் அதைத் தொடர் ஒளியாகக் கொள்ளும். கைப்பேசியில் படமெடுத்தால் சில வேளை பட்டை பட்டையாகத் தெரிவது இந்த எரிந்தணைதலே.

இங்கும் சிக்கல் கறுப்பில்தான். எரியும் பொழுதை 256 சமக் கூறாக வெட்டினால் என்ன ஆகும்? நான் முன் சொன்ன கண்ணின் ஒழுங்கின்படி கணக்கிட்டால், 0 முதல் 14 வரையுள்ள பதினைந்து படிகளுக்கும் ஒரு கூறு கூடக் கிட்டாது. பதினைந்தும் ஒரே இருட்டாகும். அதனாலேயே நல்ல ஒளிச்சுவர்கள் பொழுதை 16,384 கூறாகவோ 65,536 கூறாகவோ வெட்டுகின்றன. காற்பங்கு மாத்திரைக்கும் இலக்கணம் கண்ட தொல்லோர் நுண்மையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பகல் வெயிலுக்காகச் செய்த சுவரை இரவில் கண் கூசாதபடி பத்தில் ஒன்றாகக் குறைக்கும்போது, எரியும் பொழுதையே வெட்டிக் குறைத்தால், 16,384 கூறு 1,638 ஆகிவிடும். குறைவது வெள்ளையில் தெரியாது. கரிய முகங்கள் திட்டுத் திட்டாகச் சேற்றுப் பூச்சுப் போல் தெரிவதற்கு இஃதொரு கரணியம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் கரிமப் பலகையில் கசிவு இல்லை; உண்மைக் கறுப்பு கிட்டும். விலைதான் பள்ளிக்கு எட்டாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தோன்றும் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பு 21, நீலம் 7. அடிப்படிகளில் மூன்றும் ஒத்து இறங்காவிட்டால் கறுப்புக் கலம் பாசி பிடித்தது போலவோ துருவேறியது போலவோ காட்டும்.

சரி, எம் வகுப்பறைக் கலத்துக்கு என்ன ஆயிற்று? அறிவியலாசிரியர் நண்பர் ஒருவர் வந்து பார்த்துக் கண்டுபிடித்தார். தொலைக்காட்சி மரபில் 16ஆம் எண்ணே முழுக் கறுப்பு, 235ஆம் எண்ணே முழு வெள்ளை. கணினி மரபிலோ 0 முதல் 255 வரை. எம் கணினி கணினி மரபில் அனுப்ப, பலகை தொலைக்காட்சி மரபில் கொண்டது. 16க்குக் கீழ் உள்ளவை யாவும் ஒரே இருளாயின. 235க்கு மேல் உள்ளவை ஒரே வெளுப்பாயின. எஞ்சிய கரும்படிகளும் தாழ இறங்கின. அதற்கு மேல், வாங்கிய நாள்தொட்டுக் "கடைப் பகட்டு" நிலையில் இருந்தது பலகை. கடைவிளக்கில் பளபளக்க வேண்டுமென்று நிழலைக் கொன்று வெளிச்சத்தை ஏற்றும் நிலை அது. இரண்டையும் தொலையியக்கியால் மாற்ற நண்பர்க்கு ஐந்து நொடி ஆயிற்று. அமைப்புப் பட்டியல் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தமையால் அதுவரை அதைத் தொட்டவர் எவருமில்லை. பலகணிக் கதவைச் சாத்தினோம். பலகையின் முகத்தில் விழும் பகலொளியும் கறுப்பை வெளுக்கச் செய்யும் அல்லவா? கலத்தின் உட்புறம் மெல்ல எழுந்து வந்தது. வளைவு தெரிந்தது. மெருகிட்ட கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுற்றி வந்தன. "அடி இருக்குய்யா!" என்றான் அதே பையன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளிக்கு இதைச் செய்ய ஒரு காசும் வேண்டா. கணினியில் 0, 4, 8, 12, 16, 20, 24 என்னும் எண்களில் ஏழு கட்டங்கள் வரைந்து அருகருகே வையுங்கள். பலகணியைச் சாத்திவிட்டுப் பாருங்கள். ஏழும் தனித்தனியே தெரிகின்றனவா? திறந்துவிட்டுப் பாருங்கள். ஓர வரிசையில் அமர்ந்து பாருங்கள். ஒளிர்வைப் பாதியாக்கிப் பாருங்கள். எந்தக் கட்டத்தோடு எந்தக் கட்டம் ஒட்டிக்கொள்கின்றது என்பதை மாணவரே குறிக்கட்டும். ஒளிப்படி, படப்புள்ளி, கசிவு, அடித்தட்டு என்று அமைப்புப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில் எழுதிப் பலகையின் ஓரத்தில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வருகையில் அந்தக் குறிப்புகளைக் கொண்டு வாருங்கள். எந்தெந்தப் பள்ளியில் எத்தனை கட்டம் தெரிகின்றது என்று ஒப்புநோக்கிவிட்டு, ஆதிச்சநல்லூர்ப் படங்களை முதலில் எந்தப் பலகையில் காட்டுவது என்று முடிவு செய்வோம்.