வறட்சி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை

(சிஞ்ச்வட்டில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



சிஞ்ச்வட் குடிக்கும் பவனா ஆற்று நீர் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கிறது. அம்மலைமீதுள்ள லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அதே புனே மாவட்டத்தின் கிழக்கிலுள்ள பாராமதி, இந்தாப்பூர் வட்டங்களில் பெய்வதோ ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். மலை மேகத்தை மறித்துவிடுவதால் கிழக்கே தக்காணத்தின் பெரும்பகுதி மழை மறைவு நிலமாகிறது.

அந்நிலத்தின் வேளாண்மை அறிவார்ந்தது. கோவில்பட்டிக் கரிசலை அறிந்தவர்களுக்கு அது புதிதன்று. செப்டம்பர் மழையின் ஈரத்தைக் கரிசல் மண் தேக்கி வைக்கிறது. அவ்வீரத்தை நம்பியே சோளம் விதைக்கப்படுகிறது. மெலிந்த மண்ணில் கம்பு விளைகிறது. தங்கர் சமூகத்து இடையர்கள் மழைக்காலம் முடிந்ததும் மந்தைகளுடன் கொங்கணம் நோக்கி நடக்கின்றனர். வழியில் வயல்களில் கிடை போட்டு எரு தருகின்றனர்.

சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர்கள். சஹாராவின் தெற்கே, மாலி, நைஜர் நாடுகளின் சாகேல் புல்வெளியில் இன்றும் அவையே உணவு. அங்கும் ஃபுலானி இடையர்கள் மழையைத் தொடர்ந்து மந்தை ஓட்டுகின்றனர். 1970களின் தொடக்கத்தில் இரு நிலங்களையும் கொடும் வறட்சி தாக்கியது. சாகேலில் பெருந்திரளான மக்களும் கால்நடைகளும் மடிந்தனர். மகாராஷ்டிரத்தில் 1972 வறட்சியின்போது உழைப்பாளி மக்கள் வேலையும் உணவும் கோரிப் போராடினர். நிவாரணப் பணிகள் விரிவடைந்தன. 1977இல் வேலை உறுதிச் சட்டம் நிறைவேறியது. 2005இன் தேசியச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. மழை பொய்ப்பது இயற்கை. மழை பொய்த்தபின் மக்கள் பட்டினி கிடப்பதும் கிடக்காததும் அரசியல்.

இன்றைய கேள்வி நீர்ப் பங்கீடு. மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் சிறு பகுதியையே கொண்ட கரும்பு, பாசன நீரின் பெரும்பகுதியை உறிஞ்சுகிறது. அதே மாநிலத்தின் பீட் மாவட்டத்து ஏழைகளோ, மானாவாரி நிலம் சோறு போடாததால், அந்தக் கரும்பை வெட்ட ஆண்டுதோறும் குடும்பத்தோடு இடம்பெயர்கின்றனர்.

2011 ஆகஸ்ட் 9 அன்று, பவனா நீரைக் குழாய்வழியே பிம்ப்ரி–சிஞ்ச்வட் நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்த மாவள் விவசாயிகள்மீது காவல்துறை சுட்டது. மூவர் உயிரிழந்தனர். தொழிலாளியின் தாகத்துக்கும் விவசாயியின் வயலுக்கும் பகை இருப்பதாக அன்று காட்டப்பட்டது. அது பொய்ப்பகை. இந்நகரின் ஆலைகளில் உழைப்போரில் பலர் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தவர்களே. குடிநீருக்கும் உணவுப் பயிருக்கும் முதலிடம், எஞ்சியதே இலாபத்துக்கு என்பது தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து எழுப்பவேண்டிய கோரிக்கை. அக்கோரிக்கை சிஞ்ச்வட்டின் ஆலை வாயில்களிலும் ஒலிக்கட்டும்!