எந்த மருந்து?



இன்று நாம் எடுத்துக்கொண்ட சொல் ஒன்றே: மருந்து. அதன் பொருளை நாம் சரிவரக் கற்ற இடம் நூலகமன்று. ஜொகூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

பல ஆண்டுகளுக்கு முன், செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் மயங்கிய நிலையில் அங்குக் கொண்டுவரப்பட்டார். நாமும் உடன் சென்றிருந்தோம். "மருந்து குடிச்சிட்டாருங்க" என்றார் அவர் மனைவி. மருத்துவர் தமிழறியாதவர். ஆதலின் நாம் 'மாக்கான் உபாட்' என்று மலாயில் பெயர்த்துரைத்தோம். 'என்ன மாத்திரை?' என்று மருத்துவர் வினவினார். சொற்பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற நமக்குப் பிழை விளங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிக்கொல்லியை அவர் தவறுதலாகக் குடித்திருந்தார். நாம் 'ராச்சூன்', அதாவது நஞ்சு, என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

மலாய்மொழி பூச்சிக்கொல்லியை 'ராச்சூன் செராங்கா' என நஞ்சின் பெயராலேயே வழங்குகிறது. (கொசுவர்த்தி மட்டும் அங்கும் 'உபாட்' தான்!) தமிழிலோ வெடிக்கும் பொடியும் மருந்து, நோய் தீர்ப்பதும் மருந்து. ஆற்றலுடைய கலவை எதனையும் அச்சொல்லால் குறிப்பது நம் வழக்கு. அதனைக் குற்றமெனக் கடிவதற்கில்லை. ஆனால் தோட்டத்தில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. இடர் இங்கேதான் தொடங்குகிறது.

புல்லுக்கு அடித்த பாராகுவாட் உடலுட் சென்றவருக்குத் தேவையின்றி உயிர்வளி கொடுத்தால் நுரையீரலின் சேதம் பெருகும். முறிமருந்தும் இல்லை. நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 சனவரி 1 முதல் முற்றாகத் தடை வந்தது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் கதை வேறு. நரம்புகள் செய்தி கடத்தச் சுரக்கும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்குகிறது. வாயில் நீர் ஒழுகும், வியர்வை பெருகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுக்குழல் நீரால் நிறையும். இவருக்கு உயிர்வளியும் வேண்டும், அட்ரோபினும் வேண்டும். மார்பில் நீரொலி அடங்கி நாடித்துடிப்பு எழும்வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அட்ரோபினின் அளவை இரட்டித்துக்கொண்டே செல்வர். அளவு மிஞ்சினாலோ காய்ச்சலும் பிதற்றலும் வரும். அந்த அட்ரோபின் நம் ஊமத்தையிலும் உள்ள நஞ்சு என்பது சொல்லாய்வாளருக்குச் சுவையான செய்தி.

பிராலிடாக்சைம் என்னும் மற்றொரு முறிமருந்தைப் பற்றி மருத்துவரிடையே ஒருமித்த கருத்தில்லை. மகாராட்டிரத்துப் பாராமதியில் நடந்த ஆய்வு நன்மை கண்டது. இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு காணவில்லை.

நம் தொழிலாளி மறுநாள் கண்விழித்துப் பேசினார். எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க அவரால் இயலவில்லை. தாதி அதைக் கண்டதும் மருத்துவரை அழைக்க ஓடினார். நமக்கு அதன் பொருள் புரியவில்லை. 1987இல் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரலியத்தவும் பத்து நோயாளரிடம் கண்டு எழுதிய நிலை அது: முதல் நெருக்கடி தணிந்தபின், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். அதற்கு அட்ரோபின் உதவாது. சுவாசக் கருவியும் பொறுமையுமே சிகிச்சை. பதினொரு நாள் கருவி அவருக்காக மூச்சு விட்டது. பின்னர் நடந்தே வீடு சென்றார்.

இவ்வளவுக்கும் வழிகாட்டியது, அவர் மகன் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்த மூலக் கலனின் சிட்டை. அதில் நஞ்சின் பெயர் இருந்தது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நஞ்சு மையத்திடம் மருத்துவர் அறிவுரை கேட்கும்போதும் முதல் வினா அப்பெயர்தான்.

ஆசிரியர்கள் சொற்களஞ்சியப் பாடம் நடத்துங்கால், வீட்டில் எவ்வெவற்றை மருந்து என்கின்றனர் என மாணவர் எழுதி வரட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும், சிட்டையைப் பெரியவர் துணையோடு படித்து, அதன் மலாய்ப் பெயரையும் எழுதட்டும்.