கடல்மீன் தொட்டிக்கு எந்த ஹீட்டர்?

வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்குச் சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டர் பெரிய கவலையில்லை. அங்கே தண்ணீரைக் குளிர வைப்பதுதான் பாடு. ஊட்டி, கொடைக்கானல், மார்கழி மாதத்துப் பெங்களூரு, ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் கூடம் என்றால் ஹீட்டர் இல்லாமல் ஆகாது. கோமாளி மீனுக்கும் பவளத்துக்கும் 25, 26 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவும் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும்.

கடையில் போய், எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று கேட்கிறோம். கெட்டுப்போனால் எப்படிக் கெடும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார்.

சாதாரணக் கண்ணாடிக் குழாய் ஹீட்டருக்குள் இரண்டு உலோகம் சேர்த்த ஒரு சின்னப் பட்டை இருக்கும். சூடு ஏறினால் அது வளைந்து கரண்டை நிறுத்தும், ஆறினால் திரும்பச் சேர்க்கும். இஸ்திரிப் பெட்டியில் 'டிக்' என்று கேட்குமே, அதே வேலைதான். சேரும்போதும் பிரியும்போதும் முனையில் ஒரு பொறி பறக்கும். மாதக்கணக்கில் இப்படிப் பொறி பட்டு, என்றைக்காவது முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஹீட்டர் நிற்காது.

300 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் என்று வையுங்கள். அது ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு ஒட்டிக்கொண்டால், விடிவதற்குள் கணக்குப்படி ஏழு டிகிரி. அறைக் குளிர் அதில் பாதியை இழுத்துக்கொண்டாலும் மிச்சமே போதும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கடலில் வாரக்கணக்கில் நடப்பது தொட்டியில் ஒரே ராத்திரியில் நடந்துவிடும்.

அதனால் ஒரு 300 வாட்டுக்குப் பதில் இரண்டு 150 வாட் வாங்குங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று நின்றுவிடும், சூடு மெதுவாகத்தான் ஏறும். ஒன்று செத்தாலும் தொட்டி ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது. கூடவே, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஹீட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் ஒரு தனிக் கன்ட்ரோலர். கன்ட்ரோலரை 26-இலும் ஹீட்டரின் திருகை 27-இலும் வைத்தால், முன்னது கைவிட்டாலும் பின்னது நிறுத்தும். கன்ட்ரோலரின் உணர்முனையை மட்டும் இறுக்கிப் பொருத்துங்கள். நழுவி வெளியே தொங்கினால், அறைக்காற்றின் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று எடுத்துக்கொண்டு விடாமல் சூடாக்கும்.

உப்புத் தண்ணீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். டைட்டானியம் அரிக்காது, உடையாது. ஆனால் டைட்டானிய ஹீட்டர்கள் பலவற்றில் சூடு ஏறினால் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்காது, கன்ட்ரோலர் இல்லாமல் மாட்டவே கூடாது. கண்ணாடியானால், தண்ணீர் மாற்றுமுன் அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். கொதிக்கும் குழாய் வெளியே தெரிந்து, அதன்மேல் தண்ணீர் பட்டால் விரிசல்தான். சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே துணைத் தொட்டி, வைத்திருப்பவர்கள் மோட்டார் இருக்கும் கடைசி அறையில் ஹீட்டரைப் போடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது மட்டம் அங்கேதான் இறங்கும், ஹீட்டர் வெளியே தெரிந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் கரண்ட் தாராளமாகப் பாயும். எம்.சி.பி. வயரைக் காக்கும், உங்களைக் காக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். வயர் பிளக்குக்கும் கீழே ஒரு வளைவு இறங்கி, அப்புறம் மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மெயினை அணைத்துத் துடையுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில், நன்றாக எரிந்தாலும், ஹீட்டரை மாற்றிவிடுவது என் கட்சி. பழையதை அவசரத்துக்கு ஆகும் என்று அலமாரியில் வைக்காதீர்கள். முனை தேய்ந்தது அதுதான், அவசரத்தில் கைக்கு முதலில் வருவதும் அதுதான்.