கீழாநெல்லிக்கு ஒரு நிறச் சோதனை



வரப்போரம் தானாக முளைக்கிற கீழாநெல்லியை இப்போது பயிராகவே சாகுபடி செய்கிறோம். காய்ந்த சரக்கைக் கொண்டுபோனால், "சோதனை செய்து பார்த்துத்தான் வாங்குவோம்" என்று சொல்கிற கம்பெனிகள் உண்டு. அந்தச் சோதனைகளில் ஒன்றைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன்.

கத்திரிக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப் போகுதில்லையா? காற்றிலுள்ள பிராணவாயு செய்கிற வேலை அது. எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவினால் கறுப்பது தாமதப்படும். இப்படிப் பிராணவாயுவால் வரும் கெடுதலைத் தடுக்கும் பொருள்களுக்கு ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். கீழாநெல்லியிலும் இவை உண்டு.

இவற்றின் வீரியத்தை அளக்க 1958ல் வெளியான டி.பி.பி.எச். முறை இன்றும் வழக்கத்தில் உள்ளது. காய்ந்த செடியைப் பொடித்து, எடை போட்டு, தண்ணீரிலோ சாராயச் சத்திலோ ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றை டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் சேர்த்து, இருட்டில் அரைமணி நேரம் வைக்கிறார்கள். சத்து இருந்தால் ஊதா மாறி மஞ்சளாகும். எவ்வளவு மாறியது என்பதைக் கருவி அளந்து சொல்லும். பாதி நிறத்தைப் போக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் கணக்கு. குறைந்த சாறே போதுமென்றால் வீரியம் அதிகம்.

இதில் நம் கையில் இருப்பது என்ன?

ஒன்று, பக்குவம். 80 முதல் 100 நாளுக்குள், இலை பச்சையாக இருக்கும்போதே செடியைப் பிடுங்கிவிடுங்கள். சத்து இலையில்தான் அதிகம். இலை உதிர்ந்தபின் குச்சிதான் மிஞ்சும்.

இரண்டு, காயவைப்பது. வேர் மண்ணை அலசிவிட்டு, நிழலில், காற்றோட்டமாக, மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

மூன்று, கலப்பு. கீழாநெல்லி மாதிரியே இருக்கும் வேறு செடிகள் வயலில் உண்டு. தண்டு சிவந்த இனமும் அதில் ஒன்று. அறுவடைக்கு முன்பே அவற்றைக் களைந்துவிடுங்கள்.

நான்கு, மாதிரி எடுப்பது. நல்ல மூட்டையில் மட்டும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்காதீங்க. பல மூட்டைகளில் மேலே, நடுவே, அடியிலே எடுத்துக் கலந்து கொடுங்கள். மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று என்றால் மொத்தமும் திரும்பி வரும்; வண்டி வாடகையும் நம் தலையில்தான்.

கடைசியாக ஒன்று. குழாயில் நிறம் மாறினதால் மட்டும் அது நோயைத் தீர்க்கும் என்று ஆகாது. பி வகை மஞ்சள்காமாலைக் கிருமிக்குக் கீழாநெல்லி பலன் தருவதாக 1988ல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், கொல்லையில் செடி இருக்கிறதே என்று நாள் கடத்தாதீங்க. முதலில் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.