அணை கட்டியோர் அறியாத உண்மை



கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை வாழ்விப்பது முல்லைப் பெரியாற்று நீர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1887இல் தொடங்கிய பணி 1895இல் நிறைவுற்றது. அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளைத் தேனி மாவட்ட மக்கள் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். அந்த நன்றியில் பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு. அடர்ந்த காட்டில் தங்கி உழைத்தோரில் பலரைக் காலராவும் மலேரியாவும் கொண்டுபோயின.

மலேரியா எதனால் பரவுகிறது என்பதை அன்று எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மலேரியா என்ற சொல்லே 'கெட்ட காற்று' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததாகும். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி அப்போதும் புலப்படவில்லை. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியைக் குடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அணை எழுந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவ்வுண்மை வெளிப்பட்டது. எதனிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை அறியாமலேயே அத்தொழிலாளர்கள் மாண்டனர்.

இந்நோயைப் பரப்புவது அனோபிலிஸ் இனத்துப் பெண் கொசு. முட்டைகள் வளர்வதற்கு அதற்குக் குருதி தேவை. அந்தி தொடங்கி விடியும் வரை அது கடிக்கும். நோயாளியிடமிருந்து உறிஞ்சிய ஒட்டுண்ணி அதன் உடலில் ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து, உமிழ்நீர் வழியாக அடுத்தவரைச் சேர்கிறது. ஆகவே நோயாளி ஒருவருக்குக் காலத்தில் அளிக்கும் மருந்து அவரை மட்டுமன்றி அண்டை வீட்டாரையும் காக்கிறது.

சாக்கடையே எல்லாக் கொசுவுக்கும் பிறப்பிடம் என்று எண்ணுதல் தவறு. அனோபிலிஸ் பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடுகிறது. ஓட்டம் குறைந்த வாய்க்கால், ஆற்றுமணலில் தேங்கிய குட்டை, நெல்வயல், கிணறு, மூடியில்லாத மாடித்தொட்டி ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். உயிர்க்கொலைக்கு அஞ்சும் நெஞ்சங்களுக்கு உகந்த வழியும் இங்கேயே உள்ளது. தொட்டியை இறுக மூடினால் கொசு முட்டையிட இடமில்லை. பின்னர் அதைக் கொல்ல வேண்டிய தேவையும் எழுவதில்லை. இரவில் கொசுவலைக்குள் உறங்குவதும் அத்தகைய காப்பே.

நடுக்கும் குளிர், கடுங்காய்ச்சல், பின்னர் வியர்வை ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். அறிகுறியை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. குருதிச் சோதனையே உறுதி தரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வேலைக்காக வெளியூர் சென்று தங்கித் திரும்பியோர், அப்பயணத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும். பால்சிபாரம் வகை மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. வைவாக்ஸ் வகை கல்லீரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் மீண்டும் எழும். அதனால்தான் காய்ச்சல் தணிந்த பின்னும், மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை உட்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஒரு காலத்தில் மலேரியாவால் பெரிதும் வாடிய இலங்கை, 2016இல் அந்நோய் நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் அந்நிலையை எய்த இந்தியாவும் முயல்கிறது. அணை கட்டியோருக்குக் கிட்டாத அறிவு இன்று ஒவ்வோர் இல்லத்துக்கும் கிட்டியிருக்கிறது. மூடிய தொட்டியும், காலத்தில் செய்த சோதனையும், முழுமையாக உட்கொண்ட மருந்தும் அவ்வறிவைப் பயனுள்ளதாக்கும்.