தஞ்சை புகட்டும் பாடம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் குடும்பத்தோடு தஞ்சாவூருக்கு யாத்திரை செல்லக் கருதியிருக்கும் இத்தருணத்தில், அந்நகரைப்பற்றிச் சில வார்த்தை கூறுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். சோழர்க்கும் நாயக்கர்க்கும் மராட்டியர்க்கும் தலைநகராய் விளங்கிய ஊர் அது. அங்குக் காணத்தக்கன பல. அவற்றுள் தலையாயவை பெரிய கோயிலும் அரண்மனையும். இவ்விரண்டையும் எக்கண்கொண்டு காணல்வேண்டும் என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

முதற்கண் கோயில். முதலாம் இராசராசன் எடுப்பித்த இக்கற்றளி 1010ஆம் ஆண்டில் முடிகண்டது. விமானம் 13 நிலைகளும் ஏறத்தாழ 200 அடி உயரமும் உடையது. அதன் நிழல் தரையில் விழாது என்று சொல்வாருளர். வெயில் நாளிற் சென்று பார்ப்பின் நிழல் விழுதல் கண்கூடு. இல்லாத அதிசயத்தை நாடி அண்ணாந்து நிற்பார், உள்ள அதிசயத்தைக் காணாது மீள்வர். உள்ள அதிசயமோ சுவரின்மேல் எழுத்துவடிவில் உள்ளது.

தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கை குந்தவையார் கொடுத்தனவும், தேவிமார் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்படல் வேண்டும் என்று அம்மன்னன் ஆணையிட்டான். அவ்வளவில் நின்றானல்லன். பல ஊர்த் தளிகளினின்றும் தன் ஆணையால் கொணர்ந்து குடியேற்றிய ஆடல்மகளிர் 400 பேரின் பெயர்களையும், அவரவர் இருந்த தெருவையும், வீட்டின் வரிசையையும், ஒவ்வொருவர்க்கும் ஆண்டுதோறும் அளக்கவேண்டிய 100 கலம் நெல்லையும் அக்கல்வெட்டுக் கூறும். நட்டுவர், பாடுவார், குடைபிடிப்பார், விளக்கேற்றுவார், தையற்காரர், தச்சர், கன்னார், வண்ணார், நாவிதர் ஆகியோர்க்கும் அதன்கண் இடம் உண்டு. தலைமைத் தச்சனாகிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் உள்ளது. மன்னன் பெயர் நிற்கும் கோயிலிலேயே துணி வெளுத்தவன் உரிமையும் பொறிக்கப்பெற்று நிற்கின்றது. இதனினும் பெரிய அதிசயம் யாது?

எனினும், படிப்பதென்று துணிந்தபின் முழுவதும் படித்தல் அறமாகும். அக்கோயிற் கல்வெட்டுக்களிலேயே ‘தீண்டாச்சேரி’ என்னுஞ் சொல்லும் காணப்படுகின்றது. எல்லாக் குலத்தாரும் உட்சென்று வழிபட அக்கோயில் திறக்கப்பட்டது 1939ஆம் ஆண்டில்தான். கட்டிமுடித்து 929 ஆண்டுகள் கழிந்தபின்! பெருமையை மட்டும் படித்து, இதனை விடுத்துச் செல்வோமாயின் நாம் பாதிச் சுவரையே படித்தவராவோம்.

இனி அரண்மனை. சோழர் வாழ்ந்த மாளிகை இன்று இல்லை. இப்பொழுது நாம் காண்பது 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் தொடங்கி, பின்வந்த மராட்டியர் விரித்துக் கட்டியது. தர்பார் மண்டபத்தையும், ஆயுத கோபுரத்தையும், சங்கீத மகாலையும் குழந்தைகட்குக் காட்டுங்கள். ஆயினும் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைக் காணாமல் திரும்பாதீர்கள்.

அந்நூல்நிலையத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னரின் வரலாறு உற்றுநோக்கத் தக்கது. அவர் 1798ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியார் வசமாயிற்று. மன்னர்க்கு எஞ்சியவை கோட்டையும், உதவித்தொகையும், மன்னர் என்னும் பெயருமே. 1803ஆம் ஆண்டில் அவர் போன்ஸ்லே வமிசத்தின் வரலாற்றை மராட்டி மொழியில் பெரிய கோயிற் சுவரில் நெடிதாக வெட்டுவித்தார். ஆட்சி கைவிட்டுப் போன காலத்தில் குலவரலாற்றை நிலைநாட்ட விழைதல் மனித இயல்பே. அதனை யான் இகழேன்.

ஆனால் அவர் அதனோடு அமைந்தாரல்லர். காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகள் தேடிக் கொணர்ந்தார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டி நூல்களோடு மேல்நாட்டு நூல்களையும் திரட்டினார். அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகாலில் மருத்துவம் நடத்தினார். கண்ணோயாளர்க்குச் செய்த சிகிச்சையைச் சித்திரங்களுடன் குறித்துவைத்தார். 1832ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1855ஆம் ஆண்டில் அவர் மகன் ஆண்வாரிசின்றி மறைய, அரசும் ஒழிந்தது. நூல்நிலையமோ ஒழிந்திலது, 1918ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

அன்பர்களே! சுவரில் வெட்டிய குலவரலாற்றைத் தஞ்சைக்குச் செல்வோருள் எத்தனை பேர் நின்று படிக்கின்றனர்? அவர் தொகுத்த சுவடிகளையோ, அவர் குலத்தோடு யாதொரு தொடர்புமில்லாத மாணவரும் புலவரும் நாடி வருகின்றனர். குலத்தைக் கூறிய கல் சுவரோடு நின்றது. கல்வியைக் காத்த ஓலை உலகிற்குப் பயன்பட்டது.

இதனை யான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் குலத்தார் இன்ன அரசமரபினர் என்று நிறுவுதற்கு ஒரு நூல் அச்சிடவேண்டும் என்றும், அதற்கு நிதி திரட்டவேண்டும் என்றும் நம்மவர் சிலர் கூறிவருகின்றனர். அவர்தம் அன்பை யான் அறிவேன். ஆயினும், இதே மன்னர் எம்மவர் என்று வேறு பல குலத்தாரும் கூறுவதை நாம் கேட்டுள்ளோம். அவ்வழக்கில் வென்றாலும் நம் பிள்ளைகளுள் ஒருவனுக்கேனும் ஒரு பாடப்புத்தகம் கிடைக்குமா? பள்ளிச் சம்பளம் கட்ட இயலாது படிப்பை நிறுத்தும் சிறுவர் சிறுமியர் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். வகுப்பில் வெற்றிடமாகும் பலகைகளை நாள்தோறும் காண்கின்ற ஆசிரியன் சொல்லும் வார்த்தை இது.

ஆதலின் என் விண்ணப்பம் இது: அந்நிதியைத் திரட்டுங்கள், அதனைக் கொண்டு மாணவர்க்கு ஒரு நூல்நிலையம் அமையுங்கள். அதன் கதவு பிற குலத்துப் பிள்ளைகட்கும் திறந்திருக்கட்டும். ஒரு பலகையில் பெருந்தொகை கொடுத்தார் பெயரோடு, அரையணா அளவினதேயாயினும் கொடுத்தார் பெயரையும், அவ்விடத்தைப் பெருக்கி விளக்கேற்றுவார் பெயரையும் எழுதுங்கள். இராசராசனுக்கு நாம் உறவினர் என்பதை அதனினும் நன்கு நிறுவும் சான்று வேறில்லை.